மொழியறிந்த காவலன்

நாட்டுக்குக் காவல் வேண்டும் என்பதை மறுப்பார் இலர். ஆயின், காவல் என்பது யாது? கோலும் துப்பாக்கியும் சிறைக்கூடமும் மாத்திரம் காவலாகிவிடுமா? திருக்குறட் பொருட்பாலில் ஒற்றாடல் என ஓரதிகாரம் வகுத்த வள்ளுவர், ஒற்றினை அரசனது கண்ணாகவே வைத்து எண்ணினார். குடிகளிடையே நிகழ்வதை அறியாதவன் அவர்களைக் காத்தல் இயலாது என்பது அவ்வதிகாரத்தின் உட்கிடை. அறிதற்கோ மொழி வேண்டும். மக்கள் பேசுவதை விளங்கிக்கொள்ள மாட்டாத காவலனுக்குக் கண்ணிருந்தும் செவியில்லை.

இவ்வதிகாரத்தைக் கற்பிக்கும்போது, “முடியரசர் காலத்துக்குரிய இச்செய்திகள் இக்காலத்துக்கு எவ்வாறு பொருந்தும்?” என மாணவர் வினவுவதுண்டு. அவ்வினாவுக்கு விடையாக யாம் எடுத்துக்காட்ட விரும்புவது, இத்தாலியிற் பிறந்து, அமெரிக்காவிற் குடியேறி, நியூயோர்க் மாநகரிற் பொலிஸ் உத்தியோகத்தராய்ப் பணிபுரிந்த ஜோசப் பெத்ரோசினோ என்பாரின் வாழ்வாகும்.

பிறப்பும் இளமையும்

தென் இத்தாலியிலே சலேர்னோ மாகாணத்தில் பதூலா என்னும் மலையூர் உள்ளது. அவ்வூரில் 1860ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் 30ஆந் திகதி பெத்ரோசினோ பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் ஜியுசெப்பே. தந்தையார் தையற்றொழில் செய்தவர். மறுவருடம் இத்தாலி ஒரே இராச்சியமாக அறிவிக்கப்பட்டபோதிலும், தென்னாட்டு ஏழை மக்களின் வறுமை நீங்கவில்லை. கடல் கடந்து பிழைக்கச் செல்வோர் தொகை ஆண்டுதோறும் பெருகிற்று. 1880 முதல் 1920 வரையுள்ள நாற்பது ஆண்டுகளில் அமெரிக்க ஐக்கிய நாடுகளுக்குச் சென்ற இத்தாலியர் நாற்பது இலட்சத்துக்கு மேற்பட்டோர் ஆவர். அப்பெருவெள்ளம் புறப்படுமுன்னரே, சிறுவனாயிருந்த பெத்ரோசினோ தம் குடும்பத்தாருடன் நியூயோர்க்கை அடைந்தார்.

அங்கே அவர் செய்த முதற்றொழில் சப்பாத்துத் துடைத்தல். பொலிஸ் தலைமை நிலையம் அமைந்திருந்த மல்பெரித் தெருவிலே, போவோர் வருவோரின் சப்பாத்துகளை மெருகிட்டுப் பொருளீட்டினார். பின்னர் தெருக்கூட்டும் தொழிலாளரானார். அத்தொழிலிலே காட்டிய ஊக்கம் மேலதிகாரியொருவரின் கண்ணிற் பட்டது. பெத்ரோசினோவின் உயரமோ ஐந்தடி மூன்றங்குலம். பொலிஸ் சேவைக்கு விதிக்கப்பட்ட உயரத்துக்கு அது குறைவு. எனினும், இத்தாலியர் நெருங்கி வாழும் தெருக்களிலே அவர்தம் மொழி பேசும் ஒருவர் இன்றியமையாதவராயினமையின், அவர்பொருட்டு விதி தளர்த்தப்பட்டது. 1883ஆம் ஆண்டு ஒக்டோபர் 19ஆந் திகதி அவர் பொலிஸ் சேவையிற் சேர்ந்தார்.

அக்காலத்து நியூயோர்க் பொலிஸாருட் பெரும்பாலார் அயர்லாந்து வமிசத்தினர். அவர்களுக்கு இப்புதியவர் ஓர் அந்நியர். மறுபுறத்தே, அவருடைய சொந்த இனத்தாருட் பலர் பொலிஸ் உடையைக் கண்டாலே வெறுப்புக் கொண்டனர். தாயகத்தில் அவ்வுடை ஏழைகளுக்குத் துணைநின்றதை அவர்கள் கண்டிலர். ஆதலின், சட்டத்தோடு சேர்ந்தவரைத் துரோகியெனவே கருதினர். “பெத்ரோசினோ” என்பது தென்னிலத்து வழக்கிலே கொத்தமல்லியை ஒத்த ஒரு கறிக்கீரையின் பெயர். அவர் தெருவில் வருவதைக் கண்டால் வியாபாரிகள் “நல்ல கீரை வந்திருக்கிறது” எனக் கூவிக் குற்றவாளிகளை எச்சரிப்பர் என்று ஒரு கதையுண்டு. இருதிறத்தாரும் ஐயுற்ற அந்த நிலையிலேதான் அவர் தம் பணியைத் தொடங்கினார்.

மொழியாற் பெற்ற வெற்றி

இத்தாலிய மொழி என்று நாம் ஒரு பெயராற் சொல்லினும், நாப்போலி நாட்டான் பேசுவதும் சிசிலித் தீவான் பேசுவதும் ஒன்றல்ல. ஏட்டிலுள்ள மொழியை மாத்திரம் கற்றவனுக்கு அவ்விரண்டும் எளிதில் விளங்கா. பெத்ரோசினோவோ பல வட்டார வழக்குகளிலும் உரையாட வல்லவர். சில நாள் கூலியாளாகவும், சில நாள் குருடராகிய இரவலராகவும் வேடம் புனைந்து திரிந்தார். எவ்வேடம் பூண்டாலும் வாய்ச்சொல் காட்டிக் கொடுக்குமாயின் வேடத்தாற் பயனில்லை. அவருடைய சொல் அவரைக் காட்டிக் கொடுக்கவில்லை. ஒற்றர் துறவிகளின் கோலத்தையும் மேற்கொள்ளல் வேண்டும், என்ன நேரினும் சோர்தல் ஆகாது என்னும் வள்ளுவர் கருத்தை இங்கே நினைவுகூர்தல் தகும்.

1895ஆம் ஆண்டிலே, நகரப் பொலிஸ் ஆணையாளர் குழுவின் தலைவராயிருந்த தியோடர் ரூஸ்வெல்ட் அவரைத் துப்பறியும் சார்ஜனாக உயர்த்தினார். இந்த ரூஸ்வெல்ட்டே பின்னர் 1901ஆம் ஆண்டில் அமெரிக்க ஜனாதிபதியானவர்.

பெத்ரோசினோ ஆற்றிய செயல்களுள் எம் உள்ளத்தைப் பெரிதும் கவர்வது, அவர் ஒருவனைப் பிடித்த கதையன்று. ஒருவனை விடுவித்த கதையாகும். அஞ்சலோ கார்போனே என்னும் இத்தாலியன் கொலைக்குற்றஞ் சாட்டப்பட்டு மரணதண்டனை விதிக்கப்பட்டிருந்தான். மின்கதிரை அவனுக்காகக் காத்திருந்தது. நீதிமன்றம் தன் கடமையை முடித்துவிட்டது. பொலிஸாருக்கும் அவ்வழக்கிற் செய்வதற்கு ஒன்றுமில்லை. அந்நிலையிலே பெத்ரோசினோ சிறைக்குச் சென்று, அவன் தன் தாய்மொழியிற் சொன்னவற்றைச் செவிமடுத்தார். அவன் குற்றமற்றவன் எனத் தெளிந்தார். பின்னர் உண்மைக் கொலையாளியைத் தேடிப் பற்பல இடங்களிலும் அலைந்து, முடிவிலே பால்டிமோர் நகரில் அவனைப் பிடித்தார். கார்போனே உயிர் தப்பினான். கேட்பதற்கு ஒருவர் இருந்தமையால் ஓருயிர் பிழைத்தது. மறைந்தவற்றைக் கேட்டறிதலும், அறிந்தவற்றில் ஐயமின்றித் தெளிதலும் ஒற்றின் இலக்கணமெனக் குறள் கூறுவதற்கு இதனினும் சிறந்த உரை வேண்டுவதில்லை.

கரிய கை

1903ஆம் ஆண்டு ஏப்ரல் 14ஆந் திகதி காலையிலே, நியூயோர்க் தெருவொன்றிற் கிடந்த பீப்பாயினுள் ஓர் ஆடவனின் சடலம் காணப்பட்டது. அவன் யாரென ஒருவருக்கும் தெரியவில்லை. பெத்ரோசினோ அவனுடைய நிழற்படத்தை எடுத்துக்கொண்டு சிங்சிங் சிறைச்சாலைக்குச் சென்று, அங்கிருந்த இத்தாலியக் கைதி ஒருவனிடம் காட்டினார். “இவன் என் மைத்துனன்” என அக்கைதி கூறவே, இறந்தவன் பஃபலோ நகரத்துப் பெனெதெத்தோ மதோனியா என்பது துலங்கிற்று. கள்ள நாணயக் கூட்டத்தார் பலர் பிடிபட்டனர். ஆயினும் என்! வழக்கு விசாரணைக்கு வந்தபோது சாட்சிகள் வாய்திறக்க அஞ்சினர். கொலைக்காக ஒருவரும் தண்டனை பெறவில்லை.

இந்த அச்சமே குற்றவாளிகளுக்கு மூலதனமாயிற்று. அக்காலத்தில் “கரிய கை” என்ற பெயரால் ஒரு கொடுமை பரவியிருந்தது. சிறிது பொருளீட்டிய கடைக்காரனுக்கோ வைத்தியனுக்கோ ஒரு கடிதம் வரும். இத்துணைப் பணம் தராவிடின் கடை தகர்க்கப்படும், அல்லது குழந்தை கவர்ந்து செல்லப்படும் என அதில் எழுதப்பட்டிருக்கும். கீழே கரிய கையோ, குத்துவாளோ, மண்டையோடோ வரையப்பட்டிருக்கும். பணம் கொடாதவரின் வாசலிலே வெடிகுண்டு வெடிக்கும். எழுதியவனும் இத்தாலியன், துன்புற்றவனும் இத்தாலியன். ஆனால் பத்திரிகைகளைப் படித்த பிறரோ, இத்தாலியர் அனைவரையும் குற்றப் பரம்பரையினர் எனவே பழித்தனர். ஒரு சிலர் செய்யும் கொடுமைக்கு உழைத்துண்ணும் ஓரினம் முழுவதும் இருமுறை துன்புற்றது: முதலில் கொடியவரால், பின்னர் அவரோடு தம்மையும் சேர்த்தெண்ணிய உலகத்தால்.

இதற்கு மாற்றாக இத்தாலிய மொழியறிந்தோரைக் கொண்ட தனிப்படை வேண்டுமெனப் பெத்ரோசினோ மேலிடத்தை இடையறாது வற்புறுத்தினார். 1905ஆம் ஆண்டளவிலே அப்படை அமைந்தது. இலட்சக்கணக்கான இத்தாலியர் வாழ்ந்த அந்நகரில் அவருக்குக் கிடைத்த துணைவரோ ஐவர்! எனினும் அச்சிறு படை பலரைக் கைதுசெய்தது. பலரை நாடு கடத்தவும் வழிசெய்தது. நாப்போலியிற் கொடுங்கூட்டமொன்றின் தலைவனாய் விளங்கி, அமெரிக்காவில் ஒளித்திருந்த என்ரிக்கோ அல்பானோ என்பவனை 1907ஆம் ஆண்டில் பெத்ரோசினோவே பிடித்தார்.

அவர் குறையற்றவர் என யாம் சொல்லவில்லை. நீதிமன்றத்தை நம்பாது கைமுட்டியை நம்பிய வேளைகளும் அவர் வாழ்வில் உண்டு. அதனைப் பின்பற்றத் தகுந்ததெனக் கொள்ளல் கூடாது. ஆயின், அடியால் அவர் பெற்ற பயன் சிறிது. அச்சங்கொண்ட கடைக்காரன் கதவைச் சாத்திவிட்டு அவரிடம் தன் மொழியில் மெல்லச் சொன்ன செய்தியாற் பெற்ற பயனே பெரிது.

மறை வெளிப்பட்டமை

தாயகத்திலே தண்டனை பெற்றவர் அதனை மறைத்து அமெரிக்காவில் நுழைந்திருப்பின், மூன்றாண்டுகளுக்குள் அவரைத் திருப்பியனுப்ப 1907ஆம் ஆண்டுக் குடிவரவுச் சட்டம் இடமளித்தது. அதற்குச் சான்றாக இத்தாலிய நீதிமன்றங்களின் பதிவுகள் வேண்டும். அவற்றைத் திரட்டிவர 1909ஆம் ஆண்டு பெப்ரவரியில் பெத்ரோசினோ இரகசியமாக அனுப்பப்பட்டார். அப்போது அவர் லெப்டினன்ட் பதவி வகித்தார். இல்வாழ்க்கையிற் புகுந்து அதிக காலமாகவில்லை. மகளோ சில மாதக் குழந்தை.

வேறு பெயர் பூண்டு அவர் கடலிற் சென்றுகொண்டிருக்கையிலேயே அப்பயணச் செய்தி பத்திரிகையில் வெளிவந்துவிட்டது. தம் புதிய இரகசியப் படையைப் பற்றிப் பெருமையாகப் பேசிய பொலிஸ் ஆணையாளர் தியோடர் பிங்கமின் வாய்மொழியே அதற்குக் காரணமாயிற்று. ஒற்றனுக்குப் பிறரறியச் சிறப்புச் செய்தல் ஆகாது, செய்யின் மறை தானே வெளிப்படும் என்பது ஒற்றாடல் அதிகாரத்தின் இறுதிக் குறள் உணர்த்தும் பொருள். பல்லாயிரம் மைல்களுக்கு அப்பால், எத்தனையோ நூற்றாண்டுகளுக்குப் பின், அவ்வெச்சரிக்கை எழுத்துக்கெழுத்து மெய்யாயிற்று.

1909ஆம் ஆண்டு மார்ச் 12ஆந் திகதி இரவு, சிசிலியின் தலைநகராகிய பலெர்மோவில், மரீனாச் சதுக்கத்திலே பெத்ரோசினோ சுட்டுக் கொல்லப்பட்டார். வெடியோசை பலர் காதிலும் விழுந்தது. கண்டோம் எனச் சொல்வாரைக் காண்பது அரிதாயிற்று. வீத்தோ காஷ்யோ பெர்ரோ என்னும் கூட்டத் தலைவன்மீது ஐயம் விழுந்தது. அவன் அன்று வேறிடத்தில் இருந்தான் எனச் செல்வாக்குள்ள ஒருவர் சான்று பகர்ந்தார். ஒருவரும் தண்டிக்கப்படவில்லை. நூறாண்டுகள் கழிந்து 2014இல், பொலிஸார் மறைவாகக் கேட்ட உரையாடலொன்றிலே, தன் குடும்பத்து முன்னோன் ஒருவனே அக்கொலையைச் செய்தான் என ஒருவன் பெருமை பேசியதாகச் செய்தி வந்தது. நீதிமன்றம் கேட்க வேண்டிய காலத்திற் பேசாத வாய், தண்டிக்கப்படத்தக்கார் எவரும் இல்லாத காலத்திற் பேசியது.

அவ்வாண்டு ஏப்ரல் 12ஆந் திகதி நியூயோர்க்கில் நடைபெற்ற இறுதி ஊர்வலத்தைக் காண இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்டோர் தெருக்களிற் கூடினர். வாழ்ந்தபோது துரோகியென ஏசிய மக்களும் அக்கூட்டத்தில் நின்றிருப்பர். 1987இல் அந்நகரின் சிறு சதுக்கமொன்றுக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது. பதூலாவில் அவர் பிறந்த வீடு நூதனசாலையாகப் பேணப்படுகிறது.

யாம் கருதுவது

இவ்வாழ்விலிருந்து யாம் பெறும் பாடம் சொல்லைப் பற்றியதே. சொல்ல வேண்டியவர் அஞ்சி மௌனமாயினர், கொடியவர் வளர்ந்தனர். மொழியறிந்த ஒருவர் செவிகொடுத்துக் கேட்டார், குற்றமற்றவன் பிழைத்தான். பேசாதிருக்க வேண்டியவர் பேசினார், காவலன் மாண்டான்.

மக்களின் மொழியிலே அவர் முறையீட்டைக் கேளாத ஆட்சி எவ்வளவு படை வைத்திருப்பினும் அவர்களைக் காத்ததாகாது. இவ்வுண்மையை எம் நாட்டவருக்கு விரித்துரைக்க வேண்டுவதில்லை. பொலிஸ் நிலையத்திலும் நீதிமன்றத்திலும் மருத்துவமனையிலும் தம் குறையைத் தம் மொழியிற் சொல்லமாட்டாது தலைகுனிந்து நின்ற முதியோரைக் கண்டவர் நம்முட் பலர்.

எம் பழைய மாணவருட் பலர் இன்று உத்தியோகத்தராகவும், சட்டத்தரணிகளாகவும், வைத்தியராகவும் இந்நாட்டிலும் கடல் கடந்த நாடுகளிலும் பணியாற்றுகின்றனர். அவர்கள் முன்னே வந்து நிற்கும் ஏழை ஒருவன் தட்டுத்தடுமாறிப் பேசுங்கால், அவன் மொழி எதுவாயினும், பொறுமையுடன் கேட்பாராக. கற்கும் மாணவரோ தம் தாய்மொழியைத் திருத்தமுறப் பயில்வதோடு அயலார் மொழியொன்றையும் உடன் பயில்வாராக. பிறன் ஒருவனது துன்பத்தை அவன் சொல்லாலேயே அறியும் ஆற்றல், பரீட்சைப் புள்ளிகளால் அளக்கப்படுவதன்று. எனினும் கல்வியாற் பெறத்தக்க பேறுகளுள் அது சிறியதன்று.