பழைய லித்தியம் மின்கலங்களிலிருந்து உலோகங்களை மீட்டல்

ஓய்ந்துபோன கைப்பேசி மின்கலத்தைக் குப்பையென்று எறிந்துவிடுகிறோம். அதனுள் இருப்பவையோ அரிய உலோகங்கள். இத்தகைய மின்கலங்கள் பலவற்றில் நேர்மின்வாயாக அமைவது லித்தியம் கோபால்ட் ஆக்ஸைடு என்னும் கரிய பொடியாகும். இதன் 98 எடைப் பங்கில் கோபால்ட் 59 பங்கு, லித்தியம் 7 பங்கு, எஞ்சியது ஆக்ஸிஜன். உலகில் வெட்டியெடுக்கப்படும் கோபால்ட்டில் பாதிக்கு மேற்பட்டது காங்கோ ஜனநாயகக் குடியரசிலிருந்தே கிடைக்கிறது. நம் நாடு இறக்குமதியையே நம்பியுள்ளது. ஆதலால் இப்பொடியை வீணாக்குதல் தகாது.

மீட்கும் முறை

முதற்கண், மின்கலத்தில் எஞ்சியுள்ள மின்சாரத்தை முற்றிலும் வெளியேற்றுகின்றனர். பின்னர் அதனை நொறுக்கி, அலுமினியம், செம்புத் தகடுகளை நீக்கிக் கரிய பொடியைப் பிரிக்கின்றனர்.

இப்பொடி கந்தக அமிலத்தில் மட்டும் எளிதில் கரைவதில்லை. ஏனெனில் இதில் கோபால்ட்டின் இணைதிறன் 3. அது 2 ஆகக் குறைந்தால்தான் நன்கு கரையும். ஆகவே அமிலத்துடன் ஹைட்ரஜன் பெராக்ஸைடும் சேர்க்கப்படுகிறது. ஆக்ஸிஜனேற்றியாக நாம் அறிந்த இப்பொருள், இங்கே ஒடுக்கியாகத் தொழிற்படுவது மாணவர்க்கு எடுத்துக்காட்டத் தக்கதாகும்.

கரைசலின் அமிலத்தன்மையைச் சிறிது சிறிதாகக் குறைத்தால், இரும்பும் அலுமினியமும் முதலில் வீழ்படிவாகும். அவற்றை வடிகட்டிய பின் ஆக்ஸாலிக் அமிலம் சேர்த்தால், கோபால்ட் இளஞ்சிவப்பு ஆக்ஸலேட்டாகப் படியும்.

எஞ்சிய கரைசலைச் சுண்டக் காய்ச்சி, சோடியம் கார்பனேட் சேர்த்தால், லித்தியம் கார்பனேட் வெண்ணிறமாகப் படிகிறது. பல உப்புகள் வெந்நீரில் மிகுதியாகக் கரையும். இதுவோ குறைவாகக் கரையும். 100 கிராம் நீரில், 0 டிகிரியில் சுமார் 1.5 கிராமும், 100 டிகிரியில் சுமார் 0.7 கிராமுமே கரையும். எனவே சூட்டிலேயே வடிகட்டுதல் வேண்டும்.

எச்சரிக்கை

இச்சோதனையைப் பள்ளியில் செய்தல் கூடாது. மின்கலத்தைத் துளைத்தாலோ நசுக்கினாலோ தீப்பற்றும். உள்ளிருக்கும் புளோரின் சேர்ந்த உப்பு, ஈரம் பட்டால் கொடிய ஹைட்ரஜன் புளோரைடு வாயுவைத் தரும். செம்புக்காக இவற்றை எரிப்போர் உள்ள இடங்களில் களப் பணியாளர் இதனை விளக்கிக் கூறுதல் வேண்டும்.

2022-ஆம் ஆண்டின் மின்கலக் கழிவு மேலாண்மை விதிகள், பழைய மின்கலங்களைத் திரட்டி மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பை உற்பத்தியாளர் மீது சுமத்தியுள்ளன. முனைகளை ஒட்டுநாடாவால் மூடி, உலர்ந்த கலத்தில் சேர்த்து, பதிவு பெற்ற நிலையங்களில் ஒப்படைத்தலே நம் கடமை. தொழிற்சாலை எவ்வளவு சிறந்ததாயினும், மின்கலம் அங்குச் சென்று சேர்ந்தால்தான் உலோகம் மீளும்.