யோகப் பயிற்சியும் மாணாக்கர் நினைவாற்றலும்

யோகம் பயின்ற பிள்ளைக்கு மறதி நீங்குமோ என்பது இந்நாளிற் பெற்றோர் பலர் வினவும் வினாவாம். ஐக்கிய நாடுகள் அவை சூன் 21-ஆம் நாளை உலக யோக நாளென 2014-இல் அறிவித்து, 2015 முதல் அந்நாள் கொண்டாடப்பெற்று வருதலின், இவ்வினா நகரங்களோடு நில்லாது கடலூர் மாவட்டத்து அண்ணாகிராமம் போலும் ஊர்ப்புறங்களுக்கும் உரியதாயிற்று. நாவரசர் சூலைநோய் தீர்ந்த திருவதிகையும், மெய்கண்டார் வாழ்ந்த திருவெண்ணெய்நல்லூரும், கூத்தப்பிரான் நடமிடுந் தில்லையும் விளங்கும் இந்நாட்டில், சித்தாந்த நெறிநின்று இதனை ஆராய்தல் பொருத்தமுடைத்து.

நினைவு எதன்கண் நிகழ்வது என்பதே முதற்கண் துணியற்பாலது. மனம் பற்றும்; சித்தம் சிந்திக்கும்; அகங்காரம் யானென எழும்; புத்தி நிச்சயிக்கும். இந்நான்கு கரணங்களுஞ் சடம். இவற்றைக் கருவியாகக் கொண்டு அறிவது உயிர். ஆகலின் யோகத்தால் நினைவு சிறக்குமென்பது, உயிர் புதியதோர் அறிவைப் பெறுதலன்று. கரணங்கள் அலைவு நீங்கிச் செம்மையுறுதலேயாம்.

ஈண்டு ஒரு தடை எழும். தில்லைக் கூத்தினைக் கண்டாரெனக் கோயிற்புராணம் போற்றும் பதஞ்சலியார் பெயரால் வழங்கும் யோகநூல், சித்தத்தின் ஐவகை விருத்திகளுள் நினைவையும் ஒன்றாக எண்ணி, அவ்விருத்திகளை அடக்குதலே யோகமென்கின்றது. நினைவை அடக்குவதொன்று நினைவை வளர்ப்பது யாங்ஙனமெனின், கூறுதும். அவ்வடக்கம் யோகத்தின் முடிவிற் கூடுவது. சிறார்க்கு ஏற்பது அதன் தொடக்கமாகிய ஒருமைப்பாடு மாத்திரையே. மனம் பற்றாத பொருள் சித்தத்திற் பதியாது. பதியாதது பின்னர் நினைவுக்கு வாராது. சுடர் ஆடாதிருப்பின் சுவடியின் எழுத்துத் தெளிவாய்ப் புலனாகும். ஆயினும், விளக்குச் சுவடியைப் படியாது. படித்தல் மாணாக்கன் தொழிலேயாம்.

இக்காலத்துச் சோதனைகளும் இதற்கு அரணாகின்றன. பெங்களூர் விவேகானந்த கேந்திர யோக ஆய்வு நிறுவனத்தார் 1997-இல் வெளியிட்ட ஆய்வில், 10 முதல் 17 வயதுள்ள மாணாக்கர் 108 பேர் நான்கு குழுவினராய்ப் 10 நாள் பயின்றனர். வலமூக்கு, இடமூக்கு, மாறிமாறி இருமூக்கு எனச் சுவாசித்தோர் மூன்று குழுவினர். மூச்சை யாதும் மாற்றாது கவனித்திருந்தோர் நான்காங் குழுவினர். உருவங்களைக் கண்டு நினைவிற்கொள்ளுந் தேர்வில் இந்நால்வகையினரும் சராசரி 84 விழுக்காடு மேம்பட்டனர், பயிலாதார்பால் மாற்றமில்லை. வாளா மூச்சைக் கவனித்தோரும் பயன் பெற்றமையான், பயன் தந்தது மூக்கின் வேறுபாடன்று, மனத்தின் ஒருமையே எனக் கருதலாம். 2004-இல் வெளிவந்த மற்றோராய்வில் யோகமுகாமிற் பயின்றோர் உருவநினைவில் 43 விழுக்காடு உயர, நுண்கலை முகாமிற் பயின்றோர் முன்போலவே நின்றனர்.

எனினும், 1997-ஆம் ஆண்டு ஆய்வின்படி மேம்பட்டது உருவநினைவேயன்றிச் சொல்நினைவன்று. பள்ளியில் வேண்டப்படுவது பெரிதுஞ் சொல்நினைவே. மேலும், அரித்துவாரத்தில் 98 சிறார்களைக் கொண்டு 3 மாதம் நிகழ்ந்து 2013-இல் வெளியான ஆய்வில், யோகம் பயின்றோரும் பிற உடற்பயிற்சி செய்தோரும் கவனத் தேர்வில் இருசாராருமே முன்னேறினர். ஆகவே யோகமொன்றே தேர்வில் மதிப்பெண் தருமென்று பெற்றோர்க்கு உறுதி கூறுதல் நேர்மையாகாது.

சொல்நினைவை நம் முன்னோர் வேறு வழியால் வளர்த்தனர். திண்ணைப் பள்ளியில் மாலையில் வீடு திரும்பும் பிள்ளைகட்குப் பூ, விலங்கு, பறவை, ஊர் என்பவற்றுள் ஒவ்வொரு பெயரை ஆசிரியர் சொல்லி விடுப்பர். மறுநாட் காலையில் அதனை மறவாது வந்து சொல்லல்வேண்டும். இவ்வழக்கை உ. வே. சாமிநாதையர் (1855–1942) தம் சரித்திரத்துட் குறித்துள்ளார். இரவிடையிட்டு மீட்டுச் சொல்லும் இச்சிறு பயிற்சியே சொல்லை நிலைநிறுத்துவது. தேவார பாடசாலைகளிற் பண்ணோடு பன்முறை ஓதுவித்தலும் இக்கருத்துப்பற்றியதே. யோகத்தைப் புகுத்தி ஓதுதலைக் கைவிடுவோர், சுடரைத் தூண்டிச் சுவடியை மூடுவாரை ஒப்பர்.

ஆதலின் பள்ளி நடத்தும் மடங்களும் ஆசிரியரும் செய்யத்தக்கன இவை: பாடந் தொடங்குமுன் சிறிதுபோது பிள்ளைகளை நேரே இருத்தி, இயல்பான மூச்சைக் கவனிக்கச் செய்க, கும்பகம் முதலிய கடும்பயிற்சிகளைச் சிறார்க்கு விதியாதொழிக, அதன்பின் ஓதுவித்து, மறுநாள் மீட்டுச் சொல்லக் கேட்க. யோகம் பயின்றும் மறக்கும் பிள்ளையைக் குறைவுடையனென இகழற்க. உணவும் உறக்கமும் குறைந்த பிள்ளைக்கு அவற்றை நிறைத்தலே முதன்மருந்து.

திருமூலர் மூன்றாந் தந்திரத்தில் அட்டாங்க யோகம் உரைக்குங்கால், ஆதனத்திற்கு முன் இயமமும் நியமமும் வைத்தார். ஒழுக்கம் முற்பட்டது; ஆற்றல் பிற்பட்டது. சரியை, கிரியை, யோகம், ஞானமென்னும் நானெறியுள் யோகம் ஞானத்திற்குப் படியாவதன்றி மதிப்பெண்ணுக்கு விலையாவதன்று. நினைவாற்றலின் பெரும்பயன் முதல்வனை மறவாமையே. அதற்குரிய கரணச் செம்மையை இளமையிலேயே பிள்ளைகட்கு அளித்தல் நம் கடனென உணர்ந்து, பெரியோர் ஆவன செய்வாராக.