இட்லிப்பூச் செடிக்கு எந்தத் தண்ணீர்?

இட்லிப்பூச் செடி வைத்திருப்பவர்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான். "இலையெல்லாம் மஞ்சளா வெளுக்குது, என்ன உரம் போடலாம்?" நான் பதிலுக்கு ஒன்று கேட்பேன்: "என்ன தண்ணி ஊத்துறீங்க?"

அந்தக் காலத்தில் ஆநிரை கவரப் போனவர்கள் சூடிய வெட்சி இந்த இட்லிப்பூதான். தொல்காப்பியத்தில் ஒரு புறத்திணைக்கே இதன் பெயர். நாகர்கோவில் பக்கம் தெற்றி என்பார்கள். நல்ல மழையும் அமிலத்தன்மையுள்ள செம்மண்ணும் இருக்கிற அந்தப் பக்கத்தில் யாரும் கவனிக்காமலே வேலியோரம் கொத்துக்கொத்தாகப் பூத்து நிற்கும். அதே செடியைச் சென்னைப் புறநகரில் போர் தண்ணீர் ஊற்றி வளர்ப்பது வேறு கதை.

என் வீட்டுச் செடியில் நான் கவனித்தது இது. ஐப்பசி, கார்த்திகை மழையில் துளிர்க்கும் இலைகள் விரிந்ததும் கரும்பச்சையாகப் பளபளக்கும். பங்குனியில், போர் தண்ணீரை மட்டும் குடித்துத் துளிர்ப்பவை வெளுத்துப்போகும். மண்ணும் உரமும் அதேதான், தண்ணீர்தான் வேறு. தொட்டியின் விளிம்பில் வெள்ளையாகப் படிந்திருந்த உப்பைச் சுரண்டிப் பார்த்தபோது சந்தேகமே இல்லாமல் போயிற்று. உப்புத் தண்ணீர் மண்ணைக் காரமாக்கிவிடுகிறது. காரமான மண்ணில் இரும்புச்சத்து இருந்தாலும் கரையாது, வேர் அதை எடுக்க முடியாது. சுண்ணாம்பு கசியும் சுவரை ஒட்டி நட்ட செடிக்கும் இதே கதிதான்.

வெளுத்த இலையை வெயிலுக்கு நேரே பிடித்துப் பாருங்கள். நரம்புகள் மட்டும் பச்சையாக, இடைப்பகுதி முழுக்க மஞ்சளாக, அதுவும் நுனியிலுள்ள இளம் இலைகளில் இருந்தால் அது இரும்புக் குறைவு. அடியிலுள்ள முதிர்ந்த இலைகள் சீராக மஞ்சளாகி உதிர்ந்தால் தழைச்சத்துக் குறைவாக இருக்கலாம். மக்கிய சாணம் போதும்.

இரும்புக் குறைவுக்கு உடனடி வைத்தியம் அன்னபேதி உப்பு. உரக்கடையில் ஃபெரஸ் சல்பேட் என்று கேளுங்கள். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 கிராம், கூடவே கொஞ்சம் எலுமிச்சைச் சாறு. கரைத்த கையோடு சாயங்கால வேளையில் இலையில் தெளிக்க வேண்டும், வைத்திருந்தால் துருவாகிவிடும். டைல்ஸ் தரையில் சிந்தினால் கறை போகவே போகாது, கீழே சாக்கு விரித்துக்கொள்ளுங்கள். மண்ணில் போடுவதானால் ஈ.டி.டி.எச்.ஏ. வகை இரும்பு செலேட் நல்லது. விலை அதிகம்தான், ஆனால் காரமான மண்ணிலும் வேலை செய்யும்.

ஆனால் இதெல்லாம் தற்காலிகம். தண்ணீரை மாற்றினால்தான் செடி தேறும். மொட்டைமாடி மழைநீர் முதல் தரம். அடுத்தது ஏ.சி.யிலிருந்து சொட்டும் தண்ணீர். உப்பே இல்லாத அதை வாளி வைத்துப் பிடித்தால் கோடையில் இரண்டு மூன்று தொட்டிக்குத் தாராளமாக வரும். ஆர்.ஓ. கழிவுநீரை மட்டும் ஊற்றிவிடாதீர்கள், அது போர் தண்ணீரைவிட உப்பு. அடுப்புச் சாம்பல், முட்டை ஓட்டுத் தூள் இரண்டும் பல செடிகளுக்கு நல்லதாக இருக்கலாம். இதற்கு வேண்டாம், காரத்தை இன்னும் கூட்டும். செடியின் அடியில் காய்ந்த இலைகளைப் பரப்பி மக்க விடுங்கள்.

மற்றபடி இது சாதுவான செடி. நிழலில் இலை வரும், பூ வராது. அரை நாளாவது நேர்வெயில் வேண்டும். பூங்கொத்து கிளை நுனியில்தான் பிடிக்கும் என்பதால், வாடிய கொத்தை இரண்டு கணுவோடு சேர்த்து வெட்டினால் பக்கக் கிளைகள் வெடித்து ஒவ்வொன்றும் பூக்கும். எறும்பு வரிசையாக ஏறினால் இலையைத் திருப்பிப் பாருங்கள், மாவுப்பூச்சியோ அசுவினியோ இருக்கும். லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், அது தண்ணீரில் கலப்பதற்குக் கொஞ்சம் சோப்புக் கரைசல். இலையின் அடிப்புறம் நனைய அடிக்க வேண்டும்.

புதுச் செடிக்கு நர்சரிக்குப் போக வேண்டியதில்லை. மழைக்காலத்தில் பென்சில் பருமனுள்ள, பூக்காத கிளையை ஒரு சாண் வெட்டி, மேலே இரண்டு இலை மட்டும் விட்டு மணல் கலந்த செம்மண்ணில் ஊன்றி நிழலில் வையுங்கள். வேர் பிடிக்க ஒன்றரை, இரண்டு மாதம் ஆகும். அதுவரை பிடுங்கிப் பார்க்காதீர்கள்.