கூடிக் கற்றலும் அதன் அளவுகோலும்



ஊர்தோறும் மாலை வகுப்புகளும் படிப்பு வட்டங்களும் தொடங்கப்படுகின்றன. தொடக்க விழாவில் மலர்மாலைக்கும் சொற்பொழிவுக்கும் குறைவில்லை. மூன்று திங்கள் சென்றபின் போய்ப் பார்த்தால், சில இடங்களில் விளக்கும் பாயும் இருக்கின்றன, ஆட்கள் இல்லை. ஆயினும் ஆண்டறிக்கையில் "இத்தனை வகுப்புகள் நடந்தன, இத்தனை பேர் வந்தனர்" என்று எழுதப்படுகின்றது. வந்தவர்களுடைய வாழ்வில் என்ன மாறிற்று என்பதை எவரும் எழுதுவதில்லை.

பலர் ஒன்றுகூடிக் கற்றுத் தம் நிலையைத் தாமே மாற்றிக்கொள்ள முற்படும்போது, அக்கல்வியை எங்ஙனம் திட்டமிடுவது, அது பயன் தந்ததா என்பதை எதைக்கொண்டு அளப்பது என்பனவே இப்பாடத்தின் பொருள். இதனை வெறுங் கொள்கையாகப் பேசுவதினும், உண்மையில் நடந்த ஒன்றை எடுத்து ஆராய்தல் நலம். அமெரிக்க நாட்டில், தென் கரோலினா மாநிலத்தில், 1957ஆம் ஆண்டு தொடங்கிய குடியுரிமைப் பள்ளிகளின் வரலாற்றை ஈண்டு எடுத்துக்கொள்வோம்.

தேவை எழுந்த இடம்

சார்ல்ஸ்டன் நகருக்கு அருகில் ஜான்ஸ் தீவு உள்ளது. அங்கு வாழ்ந்த கறுப்பின மக்களுள் பலர் எழுத்தறியாதவர்கள். வயலிலும் நகரத்து வீடுகளிலும் கூலிக்கு உழைத்தவர்கள். அம்மாநிலத்தில் வாக்காளராகப் பதிவு செய்துகொள்ள வேண்டுமாயின், குறித்த அளவு சொத்து இருத்தல் வேண்டும். அன்றேல் மாநில அரசியல் சட்டத்தின் ஒரு பகுதியை அலுவலர் முன் படித்துக் காட்டுதல் வேண்டும். ஏழையாகவும் எழுத்தறியாதவனாகவும் ஒருவனை வைத்திருந்து, அவ்விரண்டையுமே காரணங்காட்டி அவனுக்கு வாக்குரிமை இல்லை என்று சொல்லும் ஏற்பாடு அது.

தீவிலிருந்து நகருக்கு வேலைக்குச் செல்வோரைத் தம் பேருந்தில் ஏற்றிச் சென்றவர் ஈசா ஜென்கின்ஸ். பயணி ஒருவர், தமக்கு அச்சட்டப் பகுதியைப் படிக்கக் கற்றுக்கொடுத்தால் தாமும் வாக்காளராவேன் என்று அவரைக் கேட்டார். ஜென்கின்ஸ் பேருந்திலேயே கற்பிக்கத் தொடங்கினார். 1954ஆம் ஆண்டில் டென்னசி மாநிலத்திலிருந்த ஹைலாண்டர் மக்கள் பள்ளியின் கூட்டத்திற்குச் சென்றபோது, "உங்கள் ஊருக்கு என்ன தேவை?" என்ற வினாவிற்கு அவரிடம் விடை ஆயத்தமாக இருந்தது. ஆகவே இப்பள்ளியின் முதல் திட்டம் அலுவலக மேசையில் எழுதப்படவில்லை. வேலைக்குப் போகும் ஒருவருடைய வாயிலிருந்து பிறந்தது.

முன் முயற்சி ஏன் வாடிற்று?

அத்தீவில் முதியோர் வகுப்புகள் முன்பும் நடந்ததுண்டு. அவை நிலைக்கவில்லை. ஹைலாண்டர் பள்ளியை 1932ஆம் ஆண்டில் நிறுவியவருள் ஒருவரான மைல்ஸ் ஹார்ட்டன் தீவிற்கே வந்து தங்கி, மக்களோடு பேசிக் காரணத்தைத் தேடினார். வளர்ந்த மனிதர்களைச் சிறுவர் பெஞ்சில் உட்காரவைத்து, சிறுவர் பாடப் புத்தகத்தைக் கையில் கொடுத்திருந்தார்கள். நாள் முழுதும் உழைத்துக் குடும்பத்தைக் காக்கும் மனிதன் அவ்விடத்தில் நாணிக் குறுகினான். பிறகு வராது நின்றான். அவனுக்குப் படிப்பில் ஆர்வமில்லை என்று முடிவு கட்டுவது எளிது. ஆனால் அது பிழையான முடிவு.

நூற்பாலையில் வேலை செய்தவர்கள் இதனை நன்கு அறிவார்கள். நூல் அடிக்கடி அறுந்தால் நூலைத் திட்டிப் பயனில்லை. பஞ்சு எத்தகையது, இயந்திரம் சரியாக ஓடுகின்றதா, அறையில் ஈரம் போதுமா என்று பார்த்தல் வேண்டும். வகுப்பிலிருந்து ஆட்கள் விலகும்போதும் முதலில் சோதிக்கப்பட வேண்டியது வகுப்பே.

திட்டம் அமைந்த விதம்

தீவு மக்கள் ஹைலாண்டர் பள்ளியிடம் கடன் பெற்று ஒரு பழைய கட்டடத்தை வாங்கினர். முன்புறம் கூட்டுறவுக் கடை, பின்புறம் வகுப்பு. உள்ளே பள்ளி நடப்பது வெள்ளையர் கண்ணில் படாதிருக்க இவ்வேற்பாடு. வயல் வேலை குறைந்திருக்கும் குளிர்காலத்தையே தேர்ந்தனர். வாரத்தில் இரண்டு இரவுகள் வகுப்பு. கற்போரின் உழைப்புக்கு ஏற்ப நேரம் வகுக்கப்பட்டது. நேரத்திற்கு ஏற்ப உழைப்பாளரை வளைக்கவில்லை.

ஆசிரியராக யாரை அமர்த்துவது? இதனைத் திட்டமிட்டவருள் முதன்மையானவர் செப்டிமா கிளார்க் அம்மையார். அவர் 1916ஆம் ஆண்டிலேயே அத்தீவில் ஆசிரியையாக இருந்தவர். அவர் தேர்ந்தெடுத்தவரோ தம் உறவினரான பெர்னிஸ் ராபின்சன். இவ்வம்மையார் தொழிலால் அழகு நிலையம் நடத்துபவர், தையலும் அறிந்தவர், ஒருநாளும் பள்ளியில் கற்பித்தவரல்லர். கறுப்பின மக்களே அவருடைய வாடிக்கையாளர்கள். ஆதலின் அவரை வேலையிலிருந்து நீக்கி அச்சுறுத்த எவராலும் இயலாது. மேலும், ஆசிரியர்களுக்குச் சில வேளைகளில் உண்டாகும் அதிகாரத் தோரணை அவரிடம் இல்லை.

1957ஆம் ஆண்டு ஜனவரி 7ஆம் நாள் இரவு 14 பேர் வந்தனர். ராபின்சன் தாம் கொண்டுவந்த சிறுவர் பாடங்கள் இவர்களுக்குப் பொருந்தா என்பதை உடனே கண்டு ஒதுக்கிவிட்டார். தாம் அவர்களுக்கு ஆசிரியையாக வரவில்லை, ஒருவருக்கொருவர் கற்பித்துக்கொள்வோம் என்று சொல்லி, "என்ன கற்க விரும்புகின்றீர்கள்?" என்று கேட்டார். தம் பெயரை எழுத வேண்டும், விவிலியமும் செய்தித்தாளும் படிக்க வேண்டும், மணியார்டர் படிவம் நிரப்ப வேண்டும் என்றனர். அவையே பாடங்களாயின. பெயரை அட்டையில் எழுதி, அதன்மேல் மீண்டும் மீண்டும் எழுதுகோலை ஓட்டிக் கைக்குப் பழக்கினர். ஐ.நா. மனித உரிமைப் பிரகடனம் சுவரில் தொங்கிற்று. வகுப்பு முடிவதற்குள் அனைவரும் அதனைப் படித்தல் வேண்டும் என்பது ராபின்சனின் நோக்கம்.

அளந்த விதம்

இனி இப்பாடத்தின் நடுப்பொருளுக்கு வருவோம். இவ்வகுப்பின் இறுதித் தேர்வு வகுப்பறையில் நடைபெறவில்லை. வாக்காளர் பதிவு அலுவலகத்தில் நடைபெற்றது. அங்குச் சென்று, படித்துக் காட்டி, கையெழுத்திட்டுச் சான்று பெற்று வருதலே தேர்ச்சி. முதல் வகுப்பினருள் பெரும்பாலோர் அவ்வாறு பதிவு பெற்றனர். மதிப்பெண் இடுபவர் கற்பிப்பவர் அல்லர்; ஆகவே வேண்டியவர் என்று தேர்ச்சி தருதலும், தம் வகுப்பைத் தாமே புகழ்ந்துகொள்ளுதலும் அங்கு இயலாதனவாயின. அளவுகோல் என்ன என்பதும் முதல் நாளே அனைவருக்கும் தெரியும்.

அதற்காக, பெரிய பயன் ஒன்றையே எண்ணிச் சிறிய பயன்களை அவர்கள் புறக்கணிக்கவில்லை. 65 வயதுடைய மூதாட்டி ஒருவர், கரும்பலகையிலிருந்த பல பெயர்களுக்கிடையே தம் பெயரைக் கோல்கொண்டு சுட்டிக் காட்டியதை ராபின்சன் பின்னாளிலும் நினைவுகூர்ந்தார். அக்கம்பக்கத்துத் தீவுகளான வாட்மலாவும் எடிஸ்டோவும் தங்களுக்கும் வகுப்பு வேண்டும் என்று தாமே கேட்டு வந்தன. அழைக்காமலே அயலூரார் வந்து கேட்பதும் ஓர் அளவுகோலே.

விலையும் வரம்பும்

நிற்க. இக்கல்வி விலையின்றிக் கிட்டவில்லை. கறுப்பின மக்களின் உரிமைச் சங்கத்தில் உறுப்பினராயிருப்பதை விட மறுத்தமையால், 1956ஆம் ஆண்டில் கிளார்க் அம்மையார் 40 ஆண்டுக்கால ஆசிரியப் பணியை இழந்தார்; ஓய்வூதியமும் போயிற்று. அதன் பின்னரே ஹைலாண்டர் பணியில் முழுமையாக இறங்கினார். 1961ஆம் ஆண்டில் டென்னசி அரசு ஹைலாண்டர் பள்ளியை மூடி, அதன் உடைமைகளை ஏலமிட்டது. எனினும் குடியுரிமைப் பள்ளிகள் அதனுடன் மூடப்படவில்லை. மார்ட்டின் லூதர் கிங் தலைமையிலிருந்த மாநாட்டு அமைப்பு அப்பணியை ஏற்றுத் தென் மாநிலங்கள் பலவற்றிற்கும் பரப்பிற்று. ஆசிரியர்கள் சிற்றூர்களில் வாழ்ந்த எளிய மக்களாக இருந்தமையால், ஒரு கட்டடம் பறிபோனதால் வேலை நிற்கவில்லை. 1965ஆம் ஆண்டு வாக்குரிமைச் சட்டம், வாக்கைத் தடுத்துவந்த எழுத்தறிவுத் தேர்வுகளை அத்தென் மாநிலங்களில் நிறுத்திவைத்தது.

அளத்தலுக்கும் ஒரு வரம்பு உண்டு. ஹைலாண்டர் கூட்டங்களின் முடிவில், "ஊர் திரும்பி என்ன செய்வீர்கள்?" என்று கேட்பது வழக்கம். 1955ஆம் ஆண்டுக் கோடையில் அங்கு வந்திருந்த ரோசா பார்க்ஸ் அம்மையார், தம் மான்ட்கோமரி நகரில் எதுவும் நடக்குமென்று தாம் நம்பவில்லை, மக்கள் ஒன்றுபட்டு நிற்கமாட்டார்கள் என்ற கருத்தையே கூறினார். அன்று அவ்விடையை மட்டும் எழுதி அளந்திருந்தால், அக்கூட்டம் பயனற்றது என்றே முடிந்திருக்கும். நான்கு திங்களில், டிசம்பர் 1ஆம் நாள், பேருந்தில் இருக்கையை விட்டு எழ மறுத்தவர் அவரே. அந்நகரத்துக் கறுப்பின மக்கள் 381 நாள் பேருந்தைப் புறக்கணித்து நின்றனர். ஆகவே வகுப்பு முடிந்த அன்று ஒருமுறையும், சில திங்கள் கழித்து மறுமுறையும் கேட்டறிதல் இன்றியமையாதது.

வட்டங்களில் ஆராய வேண்டிய வினாக்கள்

1. நம் வகுப்பில் என்ன கற்பது என்பதை முடிவு செய்தவர் யார்? கற்போரை முன்னதாகக் கேட்டோமா?

2. இடமும் நேரமும் யாருக்கு வசதியாக அமைந்துள்ளன? ஆலைச் சங்கு ஊதியபின் வீடு சென்று வருபவர் வந்துசேர இயலுமா? பெண்கள் வர இயலுமா?

3. வகுப்பு முடிந்தபின் கற்றவர் வெளியில் செய்து காட்ட வேண்டிய செயல் யாது? மனு எழுதுதலா, கூலிக் கணக்கைச் சரிபார்த்தலா, கூட்டத்தில் எழுந்து பேசுதலா? அதனை முதல் நாளே கூறிவிட்டோமா?

4. இடையில் நின்றவர்களை யார் சென்று கண்டார்? அவர்கள் சொன்ன காரணத்தால் வகுப்பில் எதை மாற்றினோம்?

5. ஆறு திங்கள் கழித்து அவர்களை மீண்டும் காண யார் பொறுப்பேற்றுள்ளார்?

இவ்வைந்திற்கும் விடைகளை ஒரு குறிப்பேட்டில் எழுதி வைத்தல் நலம். வந்தவர் எண்ணிக்கையை எழுதும் பக்கத்திற்கு எதிர்ப்பக்கத்தில் இவ்விடைகள் இருக்கட்டும். அடுத்த வகுப்பைத் தொடங்குமுன் அவ்விரு பக்கங்களையும் கற்போர் முன்னிலையில் உரக்கப் படித்துவிட்டுத் தொடங்குவோமாக.