ஆலைப் பராமரிப்புக் காலம்: பாய்லர் சூட் எடுக்கும்போது

கரும்பு அரவை முடிந்து இயந்திரங்களைக் கழற்றி மாட்டும் காலமும் கத்திரி வெயிலும் கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் ஏறக்குறைய சேர்ந்தே வருகின்றன. மூங்கில்துறைப்பட்டிலும், கல்வராயன் மலையடிவாரத்துக் கச்சிராயபாளையத்திலும் உள்ள கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகளில் கொதிகலனுக்குள் சக்கைச் சாம்பல் அள்ளுவோர், கிரீஸ் படிந்த உருளைகளைக் கழற்றுவோர், வெல்டர்கள் ஆகியோருக்கும் டிராக்டர் பட்டறைக்காரர்களுக்கும் புது பாய்லர் சூட் (சட்டையும் கால்சட்டையும் ஒன்றாகத் தைத்த வேலை உடை) எடுக்க இதுவே நேரம்.

வெயிலுக்கு லேசாக இருக்கட்டும் என்று பாலியஸ்டர் கலந்த துணியை எடுப்பதுதான் வழக்கமான தவறு. அது வியர்வையை உறிஞ்சாது. தீப்பொறி பட்டால் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். முழுப் பருத்தி டிரில் துணியே ஏற்றது. கடைக்காரர் சொல்லை நம்ப வேண்டியதில்லை. தையல் விளிம்பிலிருந்து இரண்டு நூலை உருவிக் கொளுத்தினால் போதும்: பருத்தி காகிதம்போல் எரிந்து, தொட்டால் உதிரும் சாம்பலாகும், பாலியஸ்டர் சுருண்டு, கெட்டியான மணியாக நிற்கும்.

பருத்தியும் தீப்பிடிக்கும் என்பதால், நாள் முழுக்க வெல்டிங், கேஸ் கட்டிங் செய்வோருக்குத் தீத்தடுப்புத் துணி தேவை. வெப்பத்துக்கு ஐ.எஸ். 15748, வெல்டிங்குக்கு ஐ.எஸ்.ஓ. 11611 என லேபிளில் இருக்க வேண்டும். ஸ்பேனர் வேலைக்கு அது வீண் செலவு, வீண் புழுக்கம். உள்ளே நைலான் பனியன் கூடாது.

முட்டி போட்டு உட்கார்ந்தால் பிடிக்காத அளவும், மணிக்கட்டில் இறுகும் கையும் வேண்டும். கால் மடிப்பிலும் மூடியில்லாத பையிலும் பொறி விழுந்து தங்கிவிடும். ஓடும் இயந்திரத்தருகே தொளதொளப்பு ஆபத்து. அங்கே வேலை செய்பவருக்கு இறுக்கமான உடையை ஆலையே தர வேண்டும் என்று 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 22-ஆவது பிரிவே விதித்தது.

பலரும் கவனிக்காதது ஈரம். வியர்வையில் நனைந்த உடையோடு இரும்புத் தொட்டிக்குள் ஆர்க் வெல்டிங் செய்தால் ஷாக் அடிக்கும் வாய்ப்பு அதிகம். ஆளுக்கு இரண்டு செட்டாவது இருந்தால்தான் மதியம் மாற்ற முடியும். புழுக்கம் தாங்காமல் ஆக்சிஜன் குழாயை உடைக்குள் திறந்துவிடுவது உயிருக்கே உலை: ஆக்சிஜன் ஏறிய துணி ஒரு பொறியில் குப்பென்று பற்றும். மின்விசிறியும், வேலைக்கு நடுவே நிழலும் தண்ணீரும்தான் வழி.

ஆவியாக்கிக் குழாய்களைக் காஸ்டிக் சோடாவால் கழுவும்போது எந்தத் துணியும் காக்காது. மேலே ரப்பர் ஏப்ரன், கையுறை, கண்ணாடி வேண்டும்.

எண்ணெய்க் கறையைப் பெட்ரோலில் அலசக் கூடாது. தீத்தடுப்பு உடைக்கு பிளீச்சும் கஞ்சியும் ஆகாது. வீட்டுத் துணியோடு சேர்க்காமல் தனியே துவைக்க வேண்டும். துவைத்தும் எண்ணெய்ப் பிசுக்கு போகாத உடையைப் போட்டுக்கொண்டு வெல்டிங் பக்கம் போகக் கூடாது. வெள்ளிமலை போன்ற மலையூர்ப் பட்டறைகளில் காலைக் குளிருக்கு மேலே சிந்தெடிக் ஸ்வெட்டர் போடும் பழக்கம் இருந்தால், வெல்டிங் தொடங்குமுன் அதைக் கழற்றிவிட வேண்டும். குளிருக்கு உள்ளே இன்னொரு பருத்திச் சட்டையே போதும்.