மயக்க மருந்தும் மனநோய்ச் சிகிச்சையும்

விம்கோ நகர்ச் சகோதரர் ஒருவர் வினவுகிறார்: “தம்பியின் மனச்சோர்வுக்கு எந்த மாத்திரையும் கேட்கவில்லை. டாக்டர் கேட்டமைன் ஊசி போடலாம் என்கிறார். போதைப் பொருளாயிற்றே என்று வீட்டார் தடுக்கிறார்கள். கூடுமா?”

போதை தருவது ஹராம் என்பதில் ஐயமில்லை. ஆனால் கேட்டமைன், அறுவைச் சிகிச்சைக்கு ஆஸ்பத்திரிகளில் கொடுக்கும் மயக்க மருந்துதான். அப்போது எவரும் ஃபத்வா கேட்பதில்லை! அழுகிய உறுப்பை வெட்டியெடுக்க, அறிவை மறைக்கும் மருந்து கொடுப்பது கூடும் என்பதே இமாம் நவவீ (ரஹ்) அவர்களின் தீர்ப்பு. மனச்சோர்வும் நோய்தான், உயிரை மாய்த்துக்கொள்ளும்வரை இழுத்துச் செல்லக்கூடிய நோய். எனவே, வேறு மருந்து பயன்படாதபோது, மனநோய் மருத்துவரின் கண்காணிப்பில், அவர் சொன்ன அளவில் கூடும். தாமே வாங்கிப் போட்டுக்கொள்வது கூடாது. 2011 முதல் இது போதைப் பொருள் சட்டத்திலும் அடங்கும்.

எம்.டி.எம்.ஏ., காளானிலுள்ள சைலோசைபின் ஆகியவற்றின் நிலை வேறு. 2023 ஜூலை முதல் ஆஸ்திரேலியாவில் அனுமதி பெற்ற மனநோய் மருத்துவர்கள் மட்டும் இவற்றைக் கொடுக்கலாம். அமெரிக்க மருந்துத் துறையோ 2024-இல், ஆதாரம் போதாதென்று எம்.டி.எம்.ஏ.வை ஏற்கவில்லை. நம் நாட்டில் 1985-ஆம் ஆண்டுச் சட்டப்படி வைத்திருப்பதே குற்றம். சிகிச்சை என்று எவரேனும் அழைத்தாலும் போகாதீர்கள்.

இன்னும் தயக்கமிருந்தால், கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனையில் மற்றொரு டாக்டரையும் கேளுங்கள். ஊசி போட்ட அன்று, சிந்தை முற்றிலும் தெளிந்த பின் தம்பி புதிதாக உளூச் செய்து தொழட்டும்.