நீர் இறைக்கும் எஞ்சினின் குறைகளை அறிகுறி கண்டு அறிதல்

உரும்பிராய் முதலிய செம்மண் பகுதிகளில் ஆறு இல்லை. வெங்காயம், மிளகாய், உருளைக்கிழங்கு ஆகிய தோட்டப் பயிர்கள் கிணற்று நீரையே நம்பியுள்ளன. துலா மிதித்து இறைத்த காலம் மாறி, எஞ்சின் பூட்டிய நீர்ப்பம்பி வந்தபின் கமக்காரரின் உழைப்புப் பெரிதும் குறைந்தது. ஆயினும், கோடையில் எஞ்சின் நின்று ஓர் இறைப்புத் தவறினாலும் பயிர் வாடும். எனவே குறையை அறிகுறியால் அறியும் முறையை ஒவ்வொரு கமக்காரரும் தெரிந்திருத்தல் நன்று. பெற்றோலில் ஓடும் மோட்டார்க் காருக்கும் இம்முறை பெரும்பாலும் பொருந்தும்.

1. எஞ்சின் இயங்கத் தொடங்காமை

எரிபொருள், தீப்பொறி, அமுக்கம் ஆகிய மூன்றும் சரியாயிருந்தால் எஞ்சின் இயங்கும். பலமுறை கயிற்றை இழுத்தபின் பிளக்கைக் கழற்றிப் பார்க்கவும். அது உலர்ந்திருப்பின் எரிபொருள் வந்து சேரவில்லை. குழாய்த் திறப்பையும் வடிகட்டியையும் காபுரேற்றரையும் சோதிக்கவும். பிளக் நனைந்திருப்பின் எரிபொருள் மிகுந்துள்ளது அல்லது தீப்பொறி இல்லை. பிளக்கைத் துடைத்து, மின்கம்பியில் மாட்டி, எஞ்சினின் உலோகத்தில் படவைத்துக் கயிற்றை இழுத்தால் நீல நிறத் தீப்பொறி தோன்றவேண்டும். சிந்திய எரிபொருளை முன்னரே துடைத்துவிடுக. பிளக்கைத் துவாரத்தின் அருகே பிடித்தலாகாது. இவ்விரண்டும் சரியாயிருந்து, கயிறு எதிர்ப்பின்றி எளிதாக வருமாயின், வால்விலோ பிஸ்ரன் வளையத்திலோ தேய்வு உண்டெனக் கருதி, எஞ்சினைத் திருத்துநரிடம் கொண்டுசெல்க.

2. சிறிது நேரம் ஓடி நின்றுவிடல்

எரிபொருள் தாங்கியின் மூடியைத் தளர்த்தி ஓட்டிப் பார்க்கவும். நில்லாமல் ஓடினால், மூடியிலுள்ள காற்றுத் துவாரம் அடைபட்டுள்ளது. அதைச் சுத்தஞ் செய்தாற் போதும்.

3. புகையின் நிறம்

கரும்புகை: காற்றுக் குறைவு. செம்மண் தூசு காற்று வடிகட்டியை அடைத்திருக்கும்.

நீலப்புகை: எஞ்சின் எண்ணெய் எரிகின்றது. எண்ணெய் அளவுக்கு மிஞ்சியிருக்கலாம், அல்லது வளையம் தேய்ந்திருக்கலாம்.

வெண்புகை: எரிபொருளில் நீர் கலந்திருக்கலாம். மண்ணெண்ணெய் எஞ்சினாயின், சூடேறுமுன் மண்ணெண்ணெய்க்கு மாற்றியதும் காரணமாகும்.

1990 ஆம் ஆண்டின் பின் எரிபொருள் தடைப்பட்ட காலத்தில், சிறிது பெற்றோல் விட்டுத் தொடக்கி மண்ணெண்ணெயில் ஓட்டும் வழக்கம் யாழ்ப்பாணத்துக் கார்களுக்கும் பரவியது. பெற்றோலுக்கென அமைந்த எஞ்சினுக்கு இது தீங்கானது. எரியாத மண்ணெண்ணெய் கீழே கசிந்து எஞ்சின் எண்ணெயை நீர்க்கச் செய்யும். சுமையேறும்போது உள்ளே தட்டும் ஒலியும் எழும். எண்ணெய் மட்டம் ஊற்றாமலே உயர்ந்து, மண்ணெண்ணெய் மணம் வீசுமாயின் உடனே மாற்றவும்.

4. எஞ்சின் ஓடியும் நீர் வராமை

இது பெரும்பாலும் எஞ்சினின் குறையன்று. உறிஞ்சு குழாயின் மூட்டுகளில் காற்றுப் புகுகின்றதா, அடியிலுள்ள வால்வில் குப்பை சிக்கியுள்ளதா எனப் பார்க்கவும். பம்பியிலிருந்து நீர்மட்டம் ஏறத்தாழ 25 அடிக்குக் கீழே இறங்கிவிட்டால் பம்பியால் நீரை உறிஞ்ச இயலாது.

அவ்வாறு நீர் இறங்கியபோது எஞ்சினைக் கிணற்றுக்குள் இறக்கி ஓட்டலாகாது. புகையிலுள்ள காபன் மொனொக்சைட்டுக்கு நிறமும் மணமும் இல்லை. அது கிணற்றுள் தேங்கும், இறங்குபவர் உயிரிழப்பர். ஒருவர் உள்ளே மயங்கி விழுந்தால், அவரைத் தூக்கவென மற்றவரும் இறங்குதல் கூடாது. கயிறும் காற்றும் கொடுத்து, உடனே உதவி அழைக்கவும்.

5. மிகையாகச் சூடேறல்

எண்ணெய் மட்டத்தைப் பார்க்கவும். சிலின்டரைச் சூழ்ந்த தகடுகளிடையே ஒட்டிய சேற்றையும் வைக்கோலையும், எஞ்சின் ஆறியபின் நீக்கவும்.

கழிவெண்ணெயைக் கிணற்றருகே ஊற்றவேண்டாம். நம் நிலத்தடிச் சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகள் வழியே அது நீரைச் சேரும். 2014 ஆம் ஆண்டளவில் சுன்னாகப் பகுதிக் கிணறுகளில் எண்ணெய் கலந்தமை எத்துணைக் கவலை தந்தது என்பதை யாவரும் அறிவர்.

எனவே கமக்காரர்கள் இறைப்புக்கு முன் எண்ணெய், வடிகட்டி, பிளக் ஆகிய மூன்றையும் பார்த்துக்கொள்வாராக. ஒரு வேளையில் ஒரு குறையை மட்டும் திருத்தி ஓட்டிப் பார்த்தால், காரணம் தெளிவாகும். வீண் செலவும் ஏற்படாது.